ஒசாகாவில் பதிவான 1980-களின் டிவி விளம்பரங்கள்: 14 விஎச்எஸ் கேசட்டைக் கெடுக்காமல் கணினியில் ஏற்றுவது எப்படி?

மிளகுக்கொடி (ஏற்காடு):

எல்லாருக்கும் வணக்கம். கையில் 14 விஎச்எஸ் கேசட் இருக்கிறது, எல்லாமே டி-120 (சாதா வேகத்தில் 2 மணி நேரம் ஓடுபவை). 1986 முதல் 1991 வரை ஒசாகாவில் ஒரு வீட்டு டெக்கில் (விசிஆர்) டிவியிலிருந்து நேரடியாகப் பதிவானவை. அதில் உள்ள நிகழ்ச்சிகளைவிட நடுவில் ஓடும் விளம்பரங்கள்தான் எனக்கு முக்கியம். கொசுவத்தி, கப் நூடுல்ஸ், வாக்மேன், பீர், ரயில்வே என்று ஒரே கேசட்டில் நூற்றுக்கு மேல் இருக்கும் போலிருக்கிறது.

நிலவரம் இதுதான். கேசட்டுகள் ஏற்காட்டில் மர அலமாரியில் பல வருடம் கிடந்தவை. ஐந்து கேசட்டில் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மற்ற ஒன்பதும் சுத்தமாகத் தெரிகின்றன. லேபிள்களில் 4, 6, 8, 10, 12 என்று எண்கள், சிலவற்றில் 3 போட்டு அதன் பக்கத்தில் ஒரு கான்ஜி (ஜப்பானியர் பயன்படுத்தும் சீன வடிவ) எழுத்து. சேலத்தில் ஒரு கடையில் ஒரு கேசட்டைக் கொடுத்து டிவிடி போட்டு வாங்கியதில் படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. ஆட்கள் நடந்தால் பின்னாலேயே நிழல் மாதிரி இன்னொரு உருவம் இழுபடுகிறது.

பூஞ்சை பிடித்ததை என்ன செய்வது? எந்த டெக் வேண்டும்? ஏற்றிய பிறகு எந்த விளம்பரம் எந்த வருடத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

டெக்மெக்கானிக் (செவ்வாப்பேட்டை):

முதல்ல அந்த அஞ்சு கேசட்டையும் தனியா எடுத்து வச்சிருங்க. எந்த டெக்குலயும் போடாதீங்க. போட்டா வெள்ளைத் தூள் ஹெட்ல (டேப்பைப் படிக்கற முனை) ஒட்டும், கைடு ரோலர்ல ஒட்டும், அடுத்து போடற ஒன்பது நல்ல கேசட்டுக்கும் பரவும். பூஞ்சையால கெட்டதைவிட அவசரப்பட்டு ஓட்டிப் பார்த்ததால கெட்ட கேசட்தான் அதிகம். ஈரமான பூஞ்சை பசை மாதிரி சுத்துக்குச் சுத்து ஒட்டியிருக்கும். மோட்டார் இழுக்கும்போது மேல் பூச்சு உரிஞ்சு வந்துரும், இல்லாட்டி டேப்பே கிழியும்.

முதல் வேலை காய வைக்கிறது. மூடி இறுக்கமா இருக்கற பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, 40 லிட்டர் அளவு போதும். அடியில சிலிக்கா ஜெல் ஒரு கிலோ, துணிப்பையில கட்டிப் போடுங்க. ஆரஞ்சு நிறத்து ஜெல் வாங்குங்க, ஈரம் இழுத்ததும் பச்சையாகும். நீல ஜெல்லுல கோபால்ட் உப்பு இருக்கு, வீட்ல சூடு பண்றதுக்கு அது வேண்டாம். பார்க்க ஜவ்வரிசி மாதிரி இருக்கும், குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க. கூடவே சின்ன ஈரப்பதமானி ஒண்ணு உள்ள போட்டு, 35 முதல் 40 சதவீதத்துல நிக்குதான்னு பாருங்க. ரெண்டு வாரம். ஜெல் பச்சையானா 120 டிகிரி அவன்ல ரெண்டு மணி நேரம் வச்சு திரும்பப் போடலாம். அரிசிக்குள்ள புதைக்கறது, வெயில்ல காய வைக்கறது ரெண்டும் கூடாது. அரிசித் தூசி டேப்புக்குள்ள போகும். சேலம் வெயில்ல கறுப்பு கேசட் ஓடு வளைஞ்சுரும்.

ஏற்காட்டுல இருந்து கீழ கொண்டு வரும்போது ஒரு விஷயம். குளிர்ல இருந்த கேசட்டை சேலம் வெக்கையில திறந்தா மேல பனி கோத்துக்கும். ஜிப் பையில போட்டு மூடியே எடுத்துட்டு வாங்க, பை மூடினபடி 24 மணி நேரம் அறையிலயே இருக்கட்டும். டெக்குக்கும் இதே கதிதான். உள்ள ஈரம் இருந்தா டிரம்ல (ஹெட் இருக்கற சுழலும் உருளை) டேப் ஒட்டிக்கும். பல டெக்குல இதுக்குன்னே சென்சார் இருக்கு, ஈரம் பட்டா ஓடாது. அந்த எச்சரிக்கை வந்தா ரெண்டு மணி நேரம் சும்மா ஆன் பண்ணி வைங்க, மல்லுக்கட்டாதீங்க.

காஞ்ச பிறகு சுத்தம் பண்ற முறை:

கேசட்டைக் கவிழ்த்தா அஞ்சு ஸ்க்ரூ தெரியும். கழட்டிட்டு, ரெண்டு பாதியையும் சேர்த்துப் பிடிச்சபடி நிமிர்த்தி, மேல் மூடியை மட்டும் தூக்குங்க. தூக்கறதுக்கு முன்னாடி டேப் எந்த ரோலருக்கு எந்தப் பக்கம் போகுதுன்னு மொபைல்ல போட்டோ எடுத்துக்கங்க. ரீல் பிரேக்குக்கு ரெண்டு சின்ன ஸ்பிரிங் இருக்கும், அது துள்ளிப் போச்சுன்னா தேடவே முடியாது. பழைய ஓட்டை நம்பாதீங்க, பூஞ்சை சுவர்லயும் ஜன்னல்லயும் இருக்கும். வேற நல்ல கேசட் ஒண்ணைக் கழட்டி, அதோட காலி ஓட்டுல இந்த ரீல் ரெண்டையும் மாத்துங்க. பழைய லேபிளைத் தூக்கிப் போட்டுராதீங்க, அதுலதான் தகவலே இருக்கு.

சுருளோட ஓரத்தை மொட்டை மாடியில, முகக்கவசம் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால தட்டி எடுங்க. அப்புறம் சுத்தறதுக்குன்னே ஒரு பழைய டெக் வேணும். அது எப்படிப்பட்டதுன்னா, பாஸ்ட் பார்வர்டு போடும்போது டேப்பை டிரம்ல இருந்து இறக்கி கேசட்டுக்குள்ளயே சுத்தணும். பிந்தின காலத்து டெக் பலதுல டேப் டிரம்லயே உரசிட்டு ஓடும், அது ஆகாது. டெக் மேல்மூடியைத் திறந்து வச்சு, ஓடற டேப்பை ரெண்டு பக்கமும் நூல் பிரியாத மைக்ரோபைபர் துணியால லேசா அணைச்சுப் பிடிங்க. முதல் தடவை காஞ்ச துணி. கறை போகலேன்னா 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் லேசா நனைச்ச துணி. மருந்துக் கடை சர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம், அதுல தண்ணியும் வேற சேர்மானமும் இருக்கும். பத்து மீட்டருக்கு ஒரு தடவை துணியோட இடத்தை மாத்துங்க. டி-120-ல டேப் நீளம் 247 மீட்டர், கணக்குப் பண்ணித் துணி வெட்டிக்கங்க.

மூடி திறந்திருக்கறப்ப டெக் சட்டுனு நின்னு கேசட்டைத் துப்பினா பழுதுன்னு நினைக்காதீங்க. விஎச்எஸ் டேப்போட ரெண்டு முனையிலயும் நிறமில்லாத நாடா இருக்கும். நடுவுல இருக்கற விளக்கு வெளிச்சம் அது வழியா சென்சாருக்குப் போனா டேப் முடிஞ்சதுன்னு டெக் நினைச்சுக்கும். டியூப்லைட் வெளிச்சம் சென்சார்ல விழுந்தாலும் அதேதான். விளக்கை அணைங்க, இல்லே கறுப்பு டேப் ஒட்டி மறைங்க.

இந்தச் சுத்தற டெக்குல நல்ல கேசட்டை எப்பவும் போடாதீங்க. டேப் அறுந்தா செல்லோடேப் ஒட்டக் கூடாது. அந்தப் பசை வெளியே கசிஞ்சு ஹெட்டை அடைச்சுரும், ஸ்பிளைசிங் டேப்தான், அதுவும் பின்பக்கம் மட்டும்.

ஹெட்டிரம்50:

டெக் பற்றி நான் சொல்கிறேன். ஜப்பான் ஒளிபரப்பு என்டிஎஸ்சி: 525 வரி, வினாடிக்கு 29.97 படம். நம்முடையது பிஏஎல்: 625 வரி, 25 படம். உங்கள் டிவிடியில் வந்த இரண்டு கோளாறுக்கும் காரணம் இந்த வித்தியாசம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு இடத்தில் நடந்திருக்கின்றன.

நிறம் போனதற்குக் காரணம் டெக்கின் வெளியீடு. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த மல்டி சிஸ்டம் டெக்குகள் என்டிஎஸ்சி கேசட்டை ஓட்டும். ஆனால் பிஏஎல் டிவியில் நிறம் தெரிய வேண்டும் என்பதற்காக நிறத்தின் துணை அலையை 3.58 மெகாஹெர்ட்சுக்குப் பதில் 4.43-ல் கொடுக்கும். டிவி சமாளித்துக்கொள்ளும். கேப்சர் கருவி (படத்தைக் கணினியில் ஏற்றும் கருவி) 3.58-ஐ எதிர்பார்க்கும், கிடைக்காவிட்டால் கறுப்பு வெள்ளைதான். டெக்கின் முன்னாலோ பின்னாலோ 3.58 / 4.43 என்று ஒரு சுவிட்ச் இருந்தால் 3.58-ல் தள்ளுங்கள், நிறம் வந்துவிடும். சுவிட்ச் இல்லாமல் 'பிஏஎல் டிவியில் என்டிஎஸ்சி' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பிஏஎல்-60 (பிஏஎல் முறை நிறத்தோடு 525 வரி சிக்னல்) கொடுக்கும். அந்த டெக் இந்த வேலைக்கு வேண்டாம்.

நிழல் இழுபடுவது அடுத்த கட்டத்தில் வந்தது. 29.97 படத்தை 25-க்குள் அடைக்க பக்கத்துப் படங்களைக் கலந்துவிட்டார்கள். கலந்ததைப் பிரிக்க முடியாது. அந்த டிவிடியை மறந்துவிட்டு கேசட்டிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.

லேபிளில் உள்ள 3-ம் அந்த எழுத்தும் 'சன்பாய்', மும்மடங்கு என்று பொருள். அதாவது மெதுவான ஈபி வேகம், டி-120-ல் 2 மணிக்குப் பதில் 6 மணி நேரம். உங்களுக்கு இதில் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு. விளம்பரம் மூன்று மடங்கு இருக்கும். ஆனால் எஸ்பி-யில் (சாதா வேகம்) 58 மைக்ரான் அகலமுள்ள தடம் இதில் 19 மைக்ரான்தான். பதிவு செய்த டெக்கின் சீரமைப்பிலிருந்து நம் டெக் ஒரு மயிரிழை விலகினாலும் படத்தின் அடியிலோ மேலேயோ கோடு ஓடும். தானியங்கி டிராக்கிங்கை நிறுத்திவிட்டுக் கையால் திருப்புங்கள். ஹை-ஃபை ஒலி உள்ள கேசட்டானால் காதால் பிடிக்கலாம். தடம் விலகினால் கொரகொரவென்று ஒரு சத்தம் வரும், அது அடங்கும் இடம்தான் சரியான இடம்.

இதனாலேயே ஜப்பான் உள்நாட்டு டெக் ஒன்று கிடைத்தால் அதையே வாங்கச் சொல்வேன். 3.58 சுத்தமாக வரும், ஈபி ஹெட் இருக்கும், 1987-க்குப் பிறகு வந்த எஸ்-விஎச்எஸ் வகையானால் எஸ்-வீடியோ பிளக்கும் இருக்கும். பிந்தைய சில எஸ்-விஎச்எஸ் மாடல்களில் வரிகளின் நடுக்கத்தைச் சரிசெய்யும் டிபிசி உள்ளேயே உண்டு. அப்படி ஒன்று அமைந்தால் படத்தின் மேல்விளிம்பு வளைந்து ஆடுவது நின்றுவிடும்.

அதற்கு 100 வோல்ட் வேண்டும். நேரே சுவரில் சொருகினால் அந்த நொடியே பவர் சப்ளை போய்விடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டித் தரச் சொல்லும்போது மூன்று விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள். ஒன்று, ஆட்டோ டிரான்ஸ்பார்மர் கூடாது, தனித்தனிச் சுருளாக இரண்டு வைண்டிங். ஆட்டோவில் பொதுச்சுருள் அறுந்தால் முழு 230-ம் டெக்கில் பாயும். இரண்டு, வெளியீடு 100 வோல்ட், 110 இல்லை. 110-லும் ஓடும், ஆனால் உள்ளே ரெகுலேட்டர் கூடுதலாகச் சூடாகும், 30 வருடப் பழைய கெபாசிட்டருக்கு அது நல்லதில்லை. மூன்று, 100 விஏ திறன். டெக் எடுப்பது 20 முதல் 30 வாட்தான் என்றாலும் இடம் விட்டு வையுங்கள். நம் 50 ஹெர்ட்சைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜப்பானின் கிழக்குப் பாதி 50, ஒசாகா உள்ள மேற்குப் பாதி 60, அதனால் அங்கே விற்ற டெக் இரண்டுக்கும் செய்தது. டேப்பின் வேகத்துக்கும் மின்சார ஹெர்ட்சுக்கும் சம்பந்தமில்லை.

டெக்மெக்கானிக் (செவ்வாப்பேட்டை):

ஹெட்டிரம் சார் சொன்னதோட ஹெட் சுத்தம் பண்றதையும் சேர்த்துக்கறேன். மூணு கேசட்டுக்கு ஒரு தடவை பண்ணுங்க. ஷாமி தோல், 99 சதவீத ஆல்கஹால். தோலை டிரம் மேல படுக்கையா வச்சு அசையாம பிடிச்சு, இன்னொரு கையால டிரம்மோட மேல்பகுதியைச் சுத்துங்க. டிரம்தான் நகரணும், தோல் நகரக் கூடாது. மேல கீழ தேய்ச்சா ஹெட் முனை ஒடிஞ்சுரும். காது குடையற பஞ்சு டிரம்ல பட்டா நூல் மாட்டி அதே கதிதான். ரப்பர் பின்ச் ரோலருக்கு ஆல்கஹால் வேண்டாம், காய்ஞ்சு வெடிக்கும். சோப்புத் தண்ணி தொட்டுத் துடைச்சா போதும்.

வீடியோபிரியன்_சூரமங்கலம்:

இவ்வளவு எதற்கு? மலிவு யூஎஸ்பி கருவி வாங்கி, நேரே எம்பி4 ஆக, 25 ஃபிரேமில் ஏற்றி, விளம்பரம் மட்டும் வெட்டி எடுத்தால் ஒரு நாளில் வேலை முடியும். நிகழ்ச்சி வேண்டாம் என்றுதானே கேட்டிருக்கிறார்?

ஃபீல்டுஆர்டர்:

வீடியோபிரியன் சொல்வதில் இரண்டு தவறு, இரண்டும் திருத்த முடியாதவை என்பதால் சொல்கிறேன். 25 ஃபிரேமில் ஏற்றினால் மேலே சொன்ன அதே நிழல் வரும். விளம்பரத்தை மட்டும் வெட்டி வைத்தால் அது எந்த நாளில், எந்த நிலையத்தில், எதற்குப் பிறகு ஓடியது என்ற அடையாளம் போய்விடும். முழு கேசட்டையும் ஒரே ஓட்டமாக ஏற்றி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவது பிரதியில். சொல்லப்போனால் நிகழ்ச்சியைப் பலர் சேமித்திருப்பார்கள், இடையில் ஓடியதைத்தான் எல்லோரும் வெட்டி எறிந்தார்கள். அந்தக் கேசட்டின் மதிப்பே வெட்டாமல் இருப்பதில்தான்.

அமைப்பு: 720க்கு 480, வினாடிக்கு 29.97, இன்டர்லேஸ்டு (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் முறை), நிறத்துக்கு 4:2:2. கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) ஹஃப்ஒய்யுவி அல்லது எஃப்எஃப்வி1, இரண்டும் இழப்பில்லாதவை. மணிக்குச் சுமார் 30 முதல் 40 ஜிபி ஆகும். ஆறு மணி நேர ஈபி கேசட் ஒன்றுக்கு 200 ஜிபி-யை ஒட்டி வரும். 14-ம் ஈபி என்றாலும் 3 டிபி-யை ஒட்டித்தான் வரும், 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கி இரண்டிலும் ஒரே பிரதி வையுங்கள். பிறகு எஃப்எஃப்வி1 ஆக்கி எம்கேவி-யில் அடைத்தால் இன்னும் சுருங்கும்.

பெரும்பாலோர் தவறவிடும் இடம் கறுப்பு அளவு. என்டிஎஸ்சி என்று பொதுவாகத் தேர்ந்தெடுத்தால் கருவி அமெரிக்க முறையை எடுத்துக்கொள்ளும், அதில் கறுப்பு 7.5 ஐஆர்இ-யில் (சிக்னல் அளவின் அலகு) தொடங்கும். ஜப்பானில் கறுப்பு 0-வில். அமெரிக்க முறையில் ஏற்றினால் அந்த இடைவெளியில் உள்ளதெல்லாம் ஒரே மையாக அப்பிவிடும். விஸ்கி விளம்பரங்களில் இது பளிச்சென்று தெரியும்: பாட்டிலுக்குப் பின்னால் உள்ள மர அலமாரி காணாமல் போகும், கறுப்புக் கோட்டின் மடிப்பு போய்விடும், தலைமுடி ஒரு கட்டியாகத் தெரியும். டிரைவர் பட்டியலில் என்டிஎஸ்சி-ஜே என்று தனியாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பிரகாசத்தைச் சற்று ஏற்றி, ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) இடது ஓரம் வெட்டுப்படாமல் நிற்கும் வரை சரிசெய்து, அதன் பிறகே பதிவைத் தொடங்குங்கள்.

மலிவுக் கருவிகளில் இரண்டு தொல்லை. வெளிச்சம் மாறும்போதெல்லாம் தானாக அளவைக் கூட்டிக் குறைக்கும். விளம்பரம் 15 வினாடிக்கொரு முறை மாறுவதால் படம் மூச்சு வாங்குவது போல் ஏறி இறங்கும். அடுத்தது, நிலையற்ற சிக்னலில் ஃபிரேமை விட்டுவிடும், ஒலி மெல்ல மெல்ல விலகும். பத்து நிமிடம் ஏற்றிப் பார்த்து, விடுபட்ட ஃபிரேம் எண்ணிக்கை பூஜ்ஜியமாக இருந்தால் மட்டும் தொடருங்கள். டெக்கில் டிபிசி இல்லாவிட்டால், என்டிஎஸ்சி உள்ளீடு உள்ள டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் வைத்து அதன் வழியாகக் கடத்தலாம். எல்லா மாடலும் உதவாது, சிலவற்றில்தான் வரி நடுக்கம் நிற்கும். சோதித்துப் பார்த்து வாங்குங்கள்.

பார்ப்பதற்கான பிரதியில் இன்டர்லேஸை நீக்கும்போது 59.94 ஆக்குங்கள், 29.97 ஆக்கினால் அசைவில் பாதி போகும். அதற்கான க்யூடிஜிஎம்சி நிரல் நிதானமாக ஓடும், ஆனால் பலன் அருமை. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் பிடபிள்யூடிஃப் வடிகட்டி போதுமானது. ஃபிலிமில் எடுத்த விளம்பரங்களை 24 படமாக மீட்கலாமே என்று தோன்றும், வேண்டாம். படம் ஃபிலிமிலிருந்து வந்திருந்தாலும் மேலே ஓடும் எழுத்தும் சின்னமும் வீடியோவில் சேர்த்தவையாக இருக்கலாம். படம் நேராகும், எழுத்து சீப்புப் பல் மாதிரி கிழியும். ஃபீல்டு வரிசை (ஒற்றை வரி முதலா இரட்டை வரி முதலா என்பது) தப்பினால் அசைவு முன்னும் பின்னும் துடிக்கும். அப்போது வரிசையை மாற்றி மறுபடி ஓட்டுங்கள், மூலக் கோப்பு பத்திரமாக இருப்பதால் ஒன்றும் நஷ்டமில்லை.

மிளகுக்கொடி (ஏற்காடு):

அருமையான விவரங்கள், எல்லாருக்கும் நன்றி. அஞ்சு கேசட்டையும் சிலிக்கா டப்பாவில் வைத்தாயிற்று. உள்ளே 71 சதவீதம் காட்டியது, இன்று 52. டிரான்ஸ்பார்மர் இரண்டு வைண்டிங்காகக் கட்டச் சொல்லியாயிற்று. இனி விளம்பரங்களை அடையாளம் காண்பதற்கு யாராவது வழி சொல்லுங்கள். ஜப்பானிய மொழி எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுதான்.

கன்சாய்_அலைவரிசை:

முதலில் லேபிளில் உள்ள எண்கள். அவை ஒசாகா பக்கத்து அனலாக் சேனல்கள்: 4 மைனிச்சி, 6 அசாஹி, 8 கன்சாய் டிவி, 10 யொமியுரி. இவை நான்கும் தனியார் நிலையங்கள், விளம்பரம் நிறைய இருக்கும். 19 என்று எங்காவது இருந்தால் டிவி ஒசாகா. 2-ம் 12-ம் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே. என்எச்கே-வில் விளம்பரமே கிடையாது. ஆகவே 12 போட்ட கேசட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள், பூஞ்சை பிடித்திருந்தால் அதைத்தான் கை பழக முதலில் எடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அந்தக் காலத்து ஜப்பானிய டெக்குகளில் சிலவற்றுக்கு விளம்பரத்தைத் தானே விட்டுவிட்டுப் பதிவு செய்யும் வசதி உண்டு. படம் இருமொழி ஒலியில் ஓடும், விளம்பரம் ஸ்டீரியோவில் வரும். ஒலி வகை மாறியதும் டெக் பதிவை நிறுத்திவிடும். அதனால் வெளிநாட்டுப் படங்களைப் பதிந்த கேசட்டில் விளம்பரம் இல்லாமலே போகலாம். அப்படி இருமொழி ஒலி இருந்தால், இடப்பக்கம் ஜப்பானிய மொழியும் வலப்பக்கம் மூல மொழியுமாக இருக்கும், இரண்டு சேனலையும் தனித்தனியாக ஏற்றுங்கள்.

விளம்பரத்தின் அடிப்படை நீளம் 15 வினாடி, அடுத்தது 30. 15 வினாடிக்கு 449 அல்லது 450 ஃபிரேம் வரும். ஒவ்வொன்றின் தலையிலும் வாலிலும் சுமார் அரை வினாடி ஒலியில்லாமல் விடுவது அங்கே வழக்கம். இரண்டு விளம்பரம் சேரும் இடத்தில் மௌனமும் சேர்ந்துவிடும். எஃப்எஃப்எம்பெக்கின் மௌனம் கண்டறியும் வடிகட்டியை 0.6 வினாடிக்கு வைத்து ஓட்டினால் வெட்டுமிடங்கள் வரிசையாகக் கிடைக்கும். ஹை-ஃபை ஒலியில் மைனஸ் 50 டெசிபல் வைக்கலாம். சாதா ஒலித்தடத்தில் டேப்பின் இரைச்சலே அதற்கு மேல் இருக்கும், மைனஸ் 35-ஐ ஒட்டி வைத்து முயலுங்கள். கிடைத்த இடங்களுக்கு நடுவே 15-ன் மடங்கு வருகிறதா என்று பார்த்தால் நிகழ்ச்சியில் வரும் வெறும் மௌனங்களை ஒதுக்கிவிடலாம்.

நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் நிறுவனச் சின்னங்கள் அடுக்கிய ஒரு காட்சி வந்து, 'தெய்க்யோ' என்ற சொல் காதில் விழும். வழங்குவோர் என்று பொருள். அதில் பெயர் உள்ளவர்களின் விளம்பரம் நிகழ்ச்சிக்குள் வரும். இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவே வருபவை அந்தந்த நிலையம் தனியாக விற்றவை. ஒசாகாவின் உள்ளூர்க் கடை, பேரங்காடி, தனியார் ரயில் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். தோக்கியோவில் பதிந்தவர்களிடம் இவை இருக்காது, உங்களிடம் உள்ளதில் அரியவை இவைதான்.

இனி காலம் கணிப்பது. மொழி அதிகம் தேவையில்லை, எண்ணும் சின்னமும் போதும்.

ரயில்வே விளம்பரத்தில் ஜேஆர் சின்னம் இருந்தால் 1987 ஏப்ரல் 1-க்குப் பிறகு. அன்றுதான் தேசிய ரயில்வே பிரிந்தது. பழைய பெயரான கொகுதெட்சு இருந்தால் அதற்கு முன். ஜேஆர் தோகாயின் கிறிஸ்துமஸ் தொடர் 1988-ல் தொடங்கியது. முதலாம் ஆண்டு நடித்தவர் ஃபுகாட்சு எரி, 1989-ல் மகிசே ரிஹோ. முகத்தைப் பார்த்தே ஆண்டு சொல்லலாம்.

விலை. 1989 ஏப்ரல் 1 முதல் 3 சதவீத நுகர்வு வரி. அதற்கு முன் விலைகள் 980, 1,000 என்று முழுத் தொகையாக இருக்கும். பிறகு 1,030 போன்ற எண்கள் தலைகாட்டும், அல்லது வரி பற்றிய சிறு எழுத்து ஒட்டிக்கொள்ளும்.

தொலைபேசி எண். தோக்கியோவில் 03-க்குப் பின் 7 இலக்கம் இருந்தால் 1990 டிசம்பர் 31-க்குள். 8 இலக்கமாகி 3-ல் தொடங்கினால் 1991 ஜனவரி 1-க்குப் பிறகு. ஒசாகாவின் 06 எண் 1999-ல்தான் மாறியது, உங்கள் கேசட்டுக்கு அது உதவாது.

வங்கி. மிட்சுயி வங்கியும் தாயோ கோபே வங்கியும் தனித்தனியாக வந்தால் 1990 ஏப்ரலுக்கு முன். சேர்ந்த பெயராக வந்தால் அதற்குப் பின், 1992 ஏப்ரலில் அது சகுரா வங்கி ஆகும் வரை. ஒசாகாவில் நடந்த மலர்க் கண்காட்சி 1990 ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. அதன் சின்னத்தைப் பல நிறுவனங்கள் தங்கள் விளம்பரத்தின் மூலையில் வைத்திருக்கும்.

ஆண்டு உறுதியாகத் தெரிந்தவை சில: கின்ச்சோவின் அந்துப்பூச்சி மருந்து, 'வீட்டுக்காரர் நலமாக வெளியே இருந்தால் நல்லது' என்ற வரியோடு 1986. கண்மூடி வாக்மேன் கேட்கும் குரங்கு 1987. ரிகெயின் பானத்தின் '24 மணி நேரம் போராட முடியுமா' 1989-ல் நாட்டையே பிடித்த வரி. அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் நிஸ்ஸின் கப் நூடுலுக்கும் அரினாமின் வி என்ற சத்துப் பானத்துக்கும் நடித்தவை 80-களின் இறுதியும் 90-களின் தொடக்கமும்.

1988 செப்டம்பர் கடைசியிலிருந்து பேரரசர் ஹிரோஹிதோ நோயுற்றிருந்த மாதங்கள் தனி அத்தியாயம். கொண்டாட்டத் தொனியை நிறுவனங்கள் தாமாகவே குறைத்தன. நிஸ்ஸான் செஃபிரோ விளம்பரத்தில் பாடகர் இனோவே யோசுய் காருக்குள்ளிருந்து எல்லாரும் நலமா என்று கேட்பார். அந்தச் சமயத்தில் அவர் குரலை மட்டும் எடுத்துவிட்டார்கள். வாய் அசையும், சத்தம் வராது. அதைப் பார்த்துவிட்டு உங்கள் கேசட்டில் ஒலி போய்விட்டது என்று நினைத்து டெக்கைத் திருகாதீர்கள். பேரரசர் இறந்தது 1989 ஜனவரி 7. அன்றும் மறுநாளும் தனியார் நிலையங்களும் விளம்பரமின்றி ஒளிபரப்பின. அந்த இரு நாள் பதிவில் விளம்பரம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மாதம் கண்டுபிடிக்க பருவப் பொருள் போதும். கொசுவத்தி என்றால் கோடை. ஹாம், சமையல் எண்ணெய், பீர் பரிசுப் பெட்டிகள் நடுக்கோடையில் வந்தால் ஒச்சூகென், ஆண்டு இறுதியில் வந்தால் ஒசெய்போ. உடம்பில் ஒட்டும் சூட்டுப்பொட்டலம் குளிர்காலம். பள்ளிப் பிள்ளைகளுக்கான மேசை விளம்பரம் புத்தாண்டிலிருந்து மார்ச் வரை, ஏப்ரலில் பள்ளி திறப்பதால்.

ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு இடைவேளையை மொத்தமாக எடுங்கள். உதாரணமாக ஒரே இடைவேளையில் ஜேஆர் சின்னம், சிறு எழுத்தில் வரி பற்றிய குறிப்பு, 03-க்குப் பின் 7 இலக்க எண், ஒசெய்போ ஹாம் பரிசுப் பெட்டி நான்கும் வந்தால்: சின்னம் 1987-க்குப் பின் என்கிறது, வரி 1989 ஏப்ரலுக்குப் பின், எண் 1990 முடிவதற்குள், பெட்டி ஆண்டு இறுதி. மிஞ்சுவது 1989 இறுதி, 1990 இறுதி, இரண்டே. அதற்கு மேல் ஒரு வங்கி விளம்பரம் வந்தால் தீர்ந்தது. வெட்டி எடுத்த 15 வினாடித் துண்டில் இந்தக் கணக்கைப் போடவே முடியாது, ஃபீல்டுஆர்டர் சொன்னதற்கு இதுதான் காரணம்.

மிளகுக்கொடி (ஏற்காடு):

கோப்புக்குப் பெயர் எப்படி வைப்பது? ஒப்பிட்டுப் பார்க்க எங்காவது பட்டியல் உண்டா?

கன்சாய்_அலைவரிசை:

பெயரில் கேசட் எண், அதில் தொடங்கும் நேரம், சேனல், பொருள், கணித்த ஆண்டு என்ற வரிசை. ஆண்டைக் கடைசியில் வையுங்கள், அது பின்னால் மாறும், கேசட் எண்ணும் நேரமும் மாறாது. 'கே07_00-41-15_சே6_ஹாம்_1989அ1990' என்ற மாதிரி. ஒப்பிட, யொகோஹாமாவில் உள்ள ஒளிபரப்பு நூலகமும் தோக்கியோ ஷியோதோமேயில் உள்ள விளம்பர அருங்காட்சியகமும் பழைய டிவி விளம்பரங்களை வைத்திருக்கின்றன. விருது வாங்கிய விளம்பரங்களுக்கு அவை நல்ல துணை. உள்ளூர்க் கடை விளம்பரங்களுக்கு உங்கள் கேசட்தான்.

12 போட்ட கேசட் பற்றி இன்னொன்று சேர்க்க விட்டுப்போனது. தோக்கியோவில் 12 என்பது தனியார் நிலையம், டிவி தோக்கியோ. அந்தக் கேசட்டில் விளம்பரம் ஓடி, கடைகளின் எண்கள் 06-க்குப் பதில் 03 என்று வந்தால், அது ஒசாகாவில் பதிந்ததே இல்லை. அப்படியானால் அதே கேசட்டில் உள்ள 4, 6, 8, 10-க்கும் நிலையப் பெயரை மாற்றிப் படிக்க வேண்டும்: 4 நிப்பான் டிவி, 6 டிபிஎஸ், 8 ஃபுஜி, 10 டிவி அசாஹி.